கல்பாலம் வரை நாற்பது நிமிடம்

என் மனைவி குணவதிக்கு நன்றாக வண்டி ஓட்டத் தெரியும் என்பது மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை லாலாங்கில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கட்டின கணவனான எனக்கு மட்டும் அது தெரிய இருபத்தாறு வருடம் பிடித்தது. இதை நானே எழுதிவிடுவது நல்லது. வேறு யாராவது எழுதினால், முக்கியமாக அந்தப் பிரிஜெட் எழுதினால், என் மானம் கப்பலேறிவிடும்.

குணவதி ஓட்டுவது பள்ளிக்கூட வேன். கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிற பழைய மஞ்சள் வண்டி. விடியும் முன்பே வரிசை வீடுகள் கட்டிய எங்கள் தாமானிலிருந்து கிளம்பி, செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, மூன்று குடியிருப்புகளில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஏழு இருபதுக்குப் பீடோங் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிடுவாள். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் இரண்டு சின்ன ஹாரன். பீம் பீம். நான் வந்துவிட்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரையும் கூப்பிடமாட்டாள், திட்டமாட்டாள். அந்தச் சத்தம் கேட்டால் போதும், உள்ளே ஒரு அம்மா பிள்ளையின் வாயில் மிச்ச ரொட்டியைத் திணிக்கிற சத்தம் கேட்கும்.

தோட்டத்துச் செம்மண் சாலை ஒரே ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் ஆள் இறங்கினால் தலை தெரியாத ஆழத்துக்கு வடிகால். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் அது பின்வாங்காது. அவ்வளவு சுமையோடு அதனால் முடியவும் முடியாது. வேன்தான் போக வேண்டும். குணவதி பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்துக்கொண்டு, முந்நூறு நானூறு மீட்டர் ரிவர்சிலேயே போய், முச்சந்தியில் ஒதுங்கி வழிவிடுவாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி நடக்கும். நான் இதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலைக் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்புதான் ஓய்வு பெற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. கல்யாணமோ கோயிலோ பினாங்கோ, வீட்டுக் காரில் போனால் நான்தான் ஓட்டுவேன். அது கிளட்ச் இல்லாத ஆட்டோ கார். குணவதி இடது பக்கம் உட்காருவாள். இப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவில்லை. எங்கள் பக்கத்தில் ஆண் இருக்கும்போது பெண் ஸ்டேரிங் பிடிக்க மாட்டாள், அவ்வளவுதான். ஒவ்வொரு வளைவிலும் அவளுடைய வலது கால் தரைப்பாயை அழுத்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே பிரேக் இல்லை என்று சொல்வேன். காலை எடுத்துக்கொள்வாள். அடுத்த வளைவில் மறுபடி அழுத்துவாள்.

இனி அந்த வீடியோ. மதியம் ஒரு மணிக்குப் பள்ளி விடும். வாசலில் ஒரு அங்சானா மரம் இருக்கிறது, அதன் நிழலில் ஒரு வேன்தான் நிற்கலாம். அந்த இடத்தைப் பிடிக்கக் குணவதி பன்னிரண்டு இருபதுக்கே போய்விடுவாள். மணி அடிக்கும்வரை கைப்பேசி. மற்றவர்கள் சீரியல் பார்ப்பார்கள். இவள் பார்ப்பது ஒரு ஆள் இங்கிலாந்துக் கிராமத்துச் சாலையில் கார் ஓட்டுகிற வீடியோ. அதில் யாரும் பேசுவதில்லை, பாட்டும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்துக்கொண்டு ஓட்டுகிறான், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கல்சுவர், ஆடு, மேடு, மழை. ஸ்கிப்டன் என்ற ஊரில் தொடங்கும். கிராசிங்டன், கெட்டில்வெல் என்று போய், சாலை குறுகிக் குறுகி, நாற்பதாவது நிமிடத்தில் ஒரு கல்பாலம் வரும். ஒரு கார் மட்டும் போகக்கூடிய பாலம். அங்கே வரும்போது பள்ளி மணி அடித்துவிடும்.

மறுநாள் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம்தானே? பார்க்க மாட்டாள். ஓட்டம் என்றால் முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவளுடைய பழக்கம். ஆகவே மறுபடி ஸ்கிப்டன், மறுபடி நாற்பது நிமிடம், மறுபடி மணி. இன்னொரு வேன் ஓட்டும் பிரிஜெட், ஒரு நாள் கைப்பேசியைப் பிடுங்கி மிச்சத்தைப் போட்டுக் காட்டப் போயிருக்கிறாள். குணவதி கண்ணை மூடிக்கொண்டாளாம். பாலத்துக்கு அந்தப் பக்கத்தை நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாளாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நீங்களும் முட்டாளாக இருக்க வேண்டாம்.

எங்கள் மகள் ரமணி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் மேற்படிப்பு முடித்தாள். ஜூலையில் பட்டமளிப்பு விழா. போய்வர டிக்கெட் எடுத்தாயிற்று. பிப்ரவரியில் ஒரு நாள் சாப்பிடும்போது குணவதி சொன்னாள், விழா முடிந்ததும் மூன்று நாள் கார் எடுத்துக்கொண்டு கிராமத்துப் பக்கம் போகலாம் என்று. நல்ல யோசனை என்றேன். அடுத்தபடியாக அவள், "நான் ஓட்டுறேன்" என்றாள்.

நான் சிரித்தேன். வாயில் சோறு இருந்தது, புரையேறுகிற அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடத் தோன்றுகிறது. வெளிநாட்டுச் சாலை, அது என்ன பள்ளிக்கூட ஓட்டமா என்று கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

மறுநாளே நான் திட்டம் போட ஆரம்பித்தேன். கிடங்கில் வேலை பார்த்தவன், பட்டியல் போடுவதில் என்னை யாரும் அசைக்க முடியாது. முதல் நாள் லண்டன், ஆக்ஸ்போர்டு. இரண்டாம் நாள் ஏரிகள், அப்படியே ஸ்காட்லாந்து எல்லை. மூன்றாம் நாள் கடற்கரை ஒன்று, கோட்டை இரண்டு. பீடோங்கிலிருந்து கோலாலம்பூருக்கு நான்கு மணி நேரத்தில் போகிறவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமா? ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே எல்லாருக்கும் சொன்னேன், இங்கிலாந்து முழுக்க நானே ஓட்டப் போகிறேன் என்று. கோயில் கமிட்டியிலும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

குணவதி என் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். பிறகு சொன்னாள், இதெல்லாம் கிலோமீட்டர் இல்லை, மைல் என்று. அந்த ஊரில் எல்லாப் பலகையும் மைலாம். அவள் அந்த வீடியோவில் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நான் போட்ட தூரமெல்லாம் உண்மையில் ஒன்றரை மடங்குக்கும் மேல். என் திட்டப்படி போனால் மூன்று நாளும் காரை விட்டு இறங்கவே நேரம் இருக்காது, ஒன்றுக்குப் போகக்கூட. நான் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். கிழிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளிடம் வேறு ஒரு திட்டம் இருந்தது. கடைகளில் கடன் கணக்கு எழுதுகிற சின்ன 555 புத்தகம் ஒன்றில் எழுதி வைத்திருந்தாள். பள்ளி ஓட்டத்துக்கு அவள் எப்படி எழுதுவாளோ அப்படியே. அவள் தூரம் எழுத மாட்டாள், நிமிடம்தான் எழுதுவாள். எந்த இடத்தில் நிறுத்தலாம், எந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்க வேண்டும், வழி தவறினால் எங்கே வண்டியைத் திருப்பலாம், கழிவறை எங்கே. மூன்று நாளும் ஒரே பள்ளத்தாக்கு. ஸ்கிப்டன், கிராசிங்டன், கெட்டில்வெல்லில் இரவு தங்கல், மறுநாள் மலை ஏறி ஹாவ்ஸ், மூன்றாம் நாள் திரும்பல். கிராமத்துக் கடைகளெல்லாம் நாலு மணிக்கே மூடிவிடும், கையில் புளிச்சோறு என்றுகூட எழுதியிருந்தாள். கெட்டில்வெல்லுக்கும் ஹாவ்சுக்கும் நடுவில் 'பாலம்' என்று ஒரு வார்த்தை. அதற்கு மட்டும் நிமிடம் போடவில்லை.

அருமையாக இருந்தது, சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. சரி, உன் திட்டம், என் ஓட்டம் என்று பெருந்தன்மையாக அறிவித்தேன். கடன் அட்டை என் பெயரில்தான் இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, ஓட்டுநர் பெயர் பரஞ்சோதி என்று போட்டுக் காரைப் பதிவு செய்தேன். பட்டியலில் இருந்ததிலேயே விலை குறைவானதை அமுக்கினேன். ரத்து செய்ய முடியாது என்று கீழே எழுதியிருந்தது. நான் எதற்கு ரத்து செய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் ரமணி வீடியோ அழைப்பில் வந்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் பதிவுச் சீட்டைப் படிக்கத் தெரியும். அப்பா, நீங்கள் எடுத்திருப்பது கிளட்ச் வைத்த கார் என்றாள். நம் ஊரில் இப்போது எந்த வாடகைக் காரில் கிளட்ச் இருக்கிறது? வாடகைக் கார் என்றாலே ஆட்டோ என்று நினைத்துவிட்டேன். அந்த ஊரில் விலை குறைவு என்றால் கிளட்சாம். மாற்றலாம் என்றால், விழாக் காலம், ஆட்டோ கார் எல்லாம் தீர்ந்துவிட்டதாம். ரமணி கொஞ்ச நேரம் தயங்கி, அம்மா ஓட்டலாமே என்றாள். நான் குறுக்கே விழுந்து, முப்பது வருடம் முன்னால் நான் ஓட்டாத கிளட்சா, இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினால் வந்துவிடும் என்றேன். பின்னால் குணவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மூன்று தடவை மடித்தாள்.

முதல் ஞாயிறு பள்ளித் திடலில். அவளுடைய வேனையே கேட்டு வாங்கினேன். அது தவளை மாதிரி குதித்தது. குதிக்கும், நிற்கும், அணையும். கியர் போடும்போது எழுந்த சத்தத்தைக் கேட்டுத் திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் பின்னாலேயே ஓடிவந்து, அங்கிள், ஹேண்ட்பிரேக்கை எடுங்கள் என்றான். எடுத்த பிறகும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாம் ஞாயிறு, சமதரையில் பழகி என்ன ஆகப் போகிறது, மலையில் ஏறுவோம் என்று குருன் வழியாகக் குனோங் ஜெராய்க்கு விட்டேன். இதற்குத் திமிர் என்று பெயர். குணவதி இடது பக்கம் உட்கார்ந்து வந்தாள். அடிவாரத்திலிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறும், குறுகல், செங்குத்து. நாலாவது வளைவில் எதிரே ஒரு கார் இறங்கியது. நான் பயந்து நிறுத்தினேன். வண்டி அணைந்தது. மறுபடி கிளப்பினேன், பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், கிளட்சை விட்டேன், மறுபடி அணைந்தது. வேன் பின்னால் உருள ஆரம்பித்தது.

எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் காரில் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், முன் இருக்கையில் ஒரு பெண், மடியில் குழந்தை. அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். என் கால் எங்கே இருக்கிறது, பிரேக் எங்கே இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. கிர்ரென்று ஒரு சத்தம். வேன் நின்றது. குணவதி பக்கத்தில் இருந்தபடியே ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தாள். பின்னால் இருந்த காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம்.

"எறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். பின்னால் இருந்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இடது பக்கம் போய் ஏறினேன். அவள் உட்கார்ந்தாள், கண்ணாடியைத் திருத்தினாள். அந்தச் செங்குத்தில் ஒரு விரல் அகலம்கூடப் பின்னால் போகாமல் வேன் கிளம்பியது. அதன் பிறகு உச்சி வரைக்கும் கியர் மாறுவதே எனக்குத் தெரியவில்லை. இதே வண்டியா என்னைப் படுத்தி எடுத்தது என்று ஆத்திரமாகக்கூட வந்தது.

உச்சியில் நிறுத்தினாள். கீழே யான் ஊர்ப் பக்கத்து வயல்கள் பச்சையாக, அதற்கப்பால் கடல். சுராவ் என்கிற தொழுகைக்கூடத்துப் பக்கத்தில் இருந்த கடையில் இரண்டு தே தாரேக் வாங்கிக்கொண்டு வந்தேன். சமாதானமாக இருக்கட்டும் என்று பேச்சைத் தொடங்கினேன்.

"ஏன் குணா, கிளட்ச் காருன்னா நான் ஓட்டுறேன்னு நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"கிளட்ச் காருன்னு சொல்லல. எந்தக் காரா இருந்தாலும் நான் ஓட்டுறேன்னு பிப்ரவரியிலேயே சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தித் தப்பித்திருப்பேன்.

"இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன். எல்லாம் அடுத்தவங்க வீட்டு வாசலுக்குப் போற ரோடு. நானா போகணும்னு நெனச்சு ஒரு ரோட்டுலகூடப் போனதில்ல. ஞாயித்துக்கிழம ஆனா இடது பக்கம். ஒண்ணே ஒண்ணு கேட்டேன். அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட நான் ஓட்டிக்கிட்டுப் போகணும். நீங்க ஓட்டி நான் ஒக்காந்து பார்க்கிறதா இருந்தா, எனக்கு வீடியோவே போதும்லா."

எந்தப் பாலம் என்று கேட்டேன். அப்போதுதான் அங்சானா மரம், நாற்பது நிமிடம், மணி எல்லாம் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்று பிரிஜெட்டிடம் சொல்லாதீர்கள். தினம் என் கூடச் சாப்பிட்டு, என் கூடத் தூங்கி எழுந்தவள், மூன்று வருடமாக ஒரு சாலையின் பாதியை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளிடம் சொன்னதெல்லாம் அங்கே பிரேக் இல்லை என்பதுதான்.

நீயே ஓட்டு என்றேன். இதை ரமணியிடம் நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள் என்றாள். அங்கேயே போட்டுச் சொன்னேன். ரமணி அந்தப் பக்கம் கைதட்டிய சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்டது.

அடுத்த வாரமே குணவதி அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுக்க ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்து அலுவலகம் போனாள். கவுண்டரில் இருந்த பெண், மாச்சிக், அதாவது அத்தை, இங்கிலாந்தில் நீங்களா ஓட்டப் போகிறீர்கள் என்று மலாயில் கேட்டாளாம். ஆமாம், என் கணவர் வழி சொல்வார் என்றாளாம். அந்தப் பெண் எழுந்து நின்று கை கொடுத்தாளாம். இதை அவள் நான்கு தடவை சொன்னாள், நான் நான்கு தடவையும் கேட்டேன்.

எனக்குத்தான் சோதனை. ஒட்டுக்கடையில் போய் நான் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்க வேண்டும். முதல் நாளே பிரிஜெட் அங்கே உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, லண்டன்ல ஸ்டேரிங் புடிக்கப் போறேன்னீங்க. இப்ப அக்காவுக்குத் தண்ணி போத்தல் புடிக்கப் போறீங்களாம்?" கடை முழுக்கச் சிரித்தது. ஆமாம், போத்தலும் பிடிப்பேன், புத்தகமும் பிடிப்பேன் என்றேன். அதற்கு மேல் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிரிஜெட்டைக் குறை சொல்லக் கூடாது. நாங்கள் ஊரில் இல்லாத பத்து நாளும் குணவதியின் ஓட்டத்தைச் சேர்த்து ஓட்ட அவள்தான் ஒப்புக்கொண்டாள், அதற்காகத் தினம் இரண்டு நடை போனாள்.

குணவதிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பள்ளி ஆண்டும் தொடங்கும் முன் காலி வேனோடு முழு ஓட்டத்தையும் ஒரு தடவை ஓட்டி நேரம் பார்ப்பாள். இங்கிலாந்துக்கும் அப்படி ஒரு வெள்ளோட்டம் வேண்டும் என்றாள். வேனில் என்னை இடது பக்கம் உட்கார வைத்து, சுங்கை லாலாங்கைச் சுற்றி ஒரு வழியை எழுதி என் கையில் கொடுத்தாள். நான் வாசிக்க வேண்டும், நான் வாசித்தபடி மட்டும்தான் அவள் போவாள். தெரிந்த சாலைதான், ஆனால் நான் சொல்லாமல் திரும்ப மாட்டாள். இரண்டு தடவை செம்பனைக்குள் கொண்டுபோய் விட்டேன். திருப்பம் தாண்டின பிறகு சொன்னால் என்ன பிரயோஜனம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம்தான், பரவாயில்லை, தேறிவிடுவீர்கள் என்றாள். கிடங்கில் இருபது வருடச் சேவைக்குக் கேடயம் வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

அந்த வெள்ளோட்டத்தில்தான் முதல் தடவையாகக் குலை லோரி எதிரே வந்ததைப் பார்த்தேன். அவள் பின்னால் போனதையும் பார்த்தேன். வடிகாலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண். லோரிக்காரர் போகும்போது சலாம் வைத்தார். நான் மூச்சை விட்டேன்.

ஜூலையில் போனோம். ரமணி கறுப்பு அங்கியில் மேடை ஏறினாள், நாங்கள் இரண்டு பேரும் கை வலிக்கத் தட்டினோம். மறுநாள் காலை கார் எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்த இளைஞன் பதிவில் என் பெயரைப் பார்த்துவிட்டு, மிஸ்டர் பரஞ்சோதி, நீங்கள்தானே ஓட்டுகிறீர்கள் என்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நோ. மை வைஃப் டிரைவிங். ஐ ஒன்லி சிட்டிங்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு தாளை எடுத்துக் குணவதியின் பெயரை எழுதினான். கையெழுத்துப் போடும்போது அவள் எழுத்து கோணவில்லை.

சின்ன சிவப்புக் கார். வலது பக்கம் ஸ்டேரிங், இடது கைக்குக் கியர், எல்லாம் நம் ஊர் மாதிரிதான் என்று அவள் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். லீட்சை விட்டு வெளியே வருவதற்குள் ஏழு ரவுண்டபோட் சந்தி. ஏழாவதில் ஒரு பெரிய லோரி பக்கத்தில் வந்தது. என் வலது கால் தரைப்பாயை அழுத்தியது. குணவதி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க பிரேக் இல்ல" என்றாள். ரமணி பின் இருக்கையில் உருண்டு உருண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

ஸ்கிப்டனில் தொடங்கியதும் அவள் வேறு ஆளாகிவிட்டாள். நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அடுத்தது வலது பக்கம் ஒரு தேவாலயம் வரும், இப்போது ஒரு இறக்கம் வரும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்னது சொன்னபடி வந்தது. கிராசிங்டனில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். கெட்டில்வெல்லில் தங்கினோம். மறுநாள் காலை அவள் நெற்றியில் திருநீறு கொஞ்சம் தாராளமாக இருந்தது.

கெட்டில்வெல்லைத் தாண்டினால் சாலை குறுகிவிடுகிறது. இரண்டு பக்கமும் கல்சுவர், கண்ணாடியை மடக்கலாமா என்று யோசிக்க வைக்கிற அகலம். இன்னும் இரண்டே நிமிடத்தில் பாலம் என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் எதிரே ஒரு டிராக்டர். பின்னால் இழுவைப் பெட்டி, பெட்டி நிறைய வைக்கோல் கட்டு. அதற்குப் பின்னால் இரண்டு கார். ரமணி பயந்துபோய், அம்மா, அவர்களைப் பின்னால் போகச் சொல்லலாமா என்றாள்.

அவ்வளவு சுமையோடு அதனால் முடியாது என்பது எனக்கு இப்போது தெரியும்.

குணவதி ரிவர்ஸ் போட்டாள். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். கார் நேராகப் பின்னால் போயிற்று. வளைவு வந்தது, வளைந்து போயிற்று. கல்சுவர் என் ஜன்னலோரம் ஒரு சாண் தூரத்தில் ஒரே சீராக நகர்ந்தது. முந்நூறு மீட்டராவது இருக்கும். ஒரு வேலிக்கதவுப் பக்கம் சின்ன ஒதுக்கிடம் இருந்தது, வரும்போதே பார்த்து வைத்திருக்கிறாள். ஒரே திருப்பில் உள்ளே நுழைத்து நிறுத்தினாள். ரமணி பின்னால் அம்மா அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

டிராக்டர்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். என் வயது இருக்கும், தலையில் தொப்பி. குனிந்து பார்த்து, "நைஸ்லி டன், லவ்" என்றார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார். "ஸ்கூல் வேன், மலேசியா" என்றாள் குணவதி. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார். அந்த ஊரில் எல்லாரையும் லவ் என்றுதான் கூப்பிடுவார்களாம், ரமணி விளக்கினாள். விளக்காவிட்டாலும் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அன்றைக்கு யார் அவளை என்ன சொல்லிப் புகழ்ந்தாலும் எனக்குச் சம்மதம்.

பாலம் வந்தது. வீடியோவில் பார்த்ததைவிடச் சின்னது. கீழே ஆறு கல்லுக்கு நடுவில் ஓடியது. குணவதி பாலத்துக்கு முன்னால் நிறுத்தினாள். நான் என்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எந்த மணியும் அடிக்கவில்லை.

அவள் முதல் கியர் போட்டாள். பாலத்தின் மேல் ஏறினோம், நடுவைத் தாண்டினோம், இறங்கினோம். இறங்கியதும் இரண்டு சின்ன ஹாரன் அடித்தாள். பீம் பீம். சுவருக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

இங்கே யார் இருக்கிறார்கள், யாருக்கு ஹாரன் என்று கேட்டேன். அவள் முகமெல்லாம் சிரிப்பாக, கண்ணெல்லாம் தண்ணீராக இருந்தது.

"நான் வந்துட்டேன்னு சொல்ல வேணாமா?" என்றாள்.

சாலை இடது பக்கமாக வளைந்து மேட்டில் ஏறியது. நான் 555 புத்தகத்தைத் திறந்து, பாலம் என்று எழுதியிருந்த இடத்தில் மணி பார்த்து எழுதினேன். பத்து நாற்பத்திரண்டு.